ஜாக்கியில் ஏறிய வீடு

பேபி டீச்சர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிய அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தேன். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? அவர் வீடும் மூன்றடி ஏறிவிட்டால், எங்கள் பள்ளிக்கரணைத் தெருவில் பள்ளத்தில் மிச்சம் இருப்பது என் வீடு ஒன்றுதான்.

டீச்சரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தாம்பரத்தில் ரிட்டயர் ஆகும்வரை பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். கணவர் யேசுதாசன் போய்ச் சேர்ந்த பிறகு என் பக்கத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். கிறிஸ்துமஸ் கேக் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மழை வந்தால் இரண்டு வீட்டிலும் ஒன்றாகத் தண்ணீர் ஏறும். மழை விட்டதும் முதலில் என் வீட்டை இருவருமாக இறைப்போம், அப்புறம் அவர் வீட்டை.

இந்தத் தண்ணீர் முன்பெல்லாம் வீட்டுக்குள் வந்ததில்லை. தெருக்கோடியில் சதுப்பு நிலத்தை ஒட்டி ஒரு குட்டை இருந்தது. எவ்வளவு மழை கொட்டினாலும் குடித்துவிடும். நீர்க்கோழிகள் குஞ்சுகளோடு திரியும். கொசு, பாம்பு என்று சொல்லித் தெருக்காரர்களே ரப்பீஸ் கொட்டி அதை மூடினார்கள். யார் யாரோ இடித்த வீடுகளின் செங்கல்லும் சிமெண்டும் லாரி லாரியாக வந்து இறங்கின. குட்டை ஒழிந்ததென்று ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் கற்பூரம், ஒரே அமர்க்களம். லாரிக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது டீச்சர்தான்.

அடுத்த மழைக்கே குட்டைக்குப் போக வேண்டியது வீடுகளுக்குள் வந்துவிட்டது. "மறுபடி தோண்டிடலாம்" என்று டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருவரும் அசையவில்லை. அங்கேதான் இப்போது எல்லோருடைய காரும் நிற்கிறதே! அதற்குப் பதிலாக ஆளாளுக்கு வீட்டைத் தூக்கினார்கள். எதிர்வீட்டு ஜெர்சன் தூக்கினார், அவரைப் பார்த்து அவருக்குப் பக்கத்து வீடு. தூக்கியவன் வாசலுக்கு வந்த தண்ணீர் தூக்காதவன் வீட்டுக்குள் போகும். தூக்க எனக்கு வசதியும் இல்லை, யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அலுத்துவிட்டது.

டீச்சர் கடைசிவரை மாட்டேன் என்றார். போன மழையில் வீட்டுக்குள் நின்ற தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. மகன் ஜெரோம் அதற்குமேல் கேட்கவில்லை, வீட்டைத் தூக்க ஆள் பேசிவிட்டான்.

"தீபா, நான் தூக்கினா உன் வீடு..." என்று டீச்சர் என் வாசலில் நின்று இழுத்தார்.

"தூக்குங்க டீச்சர். எல்லாரும் தூக்கியாச்சு, நீங்க மட்டும் இன்னா பாவம் பண்ணீங்க?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது.

இந்த ஐப்பசியில் அடைமழை. அவர் வீட்டின் புதுப் படிகளில் பாதியைக்கூடத் தொடாத தண்ணீர், என் வீட்டில் கட்டில் கால்களை முழுங்கிவிட்டது. மழை விட்டு, தெருவில் வடிந்த பிறகு, உள்ளே தேங்கியதைத் தனியாக இறைத்துக்கொண்டிருந்தேன். கை ஓய்ந்துபோயிற்று. வாசலில் நிழல் விழுந்தது. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் வாளி, அதற்குள் மக்.

"இடுப்பு ஒடைஞ்ச ஆளு, உங்களுக்கு எதுக்கு டீச்சர் இது? போங்க, உங்க வீடுதான் காய்ஞ்சு கெடக்கே!" என்று கத்தினேன். அழுகையும் வந்து தொலைத்தது.

அவர் வாளியைக் கீழே வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, முனகியபடியே உட்கார்ந்தார். மக்கைத் தண்ணீருக்குள் விட்டார்.

"தள்ளுடி தீபா. இது எங்க வீட்டுத் தண்ணி."