டெமோ அக்கா வீட்டு ஃப்ளஷ்

எங்கள் கடைக்குக் கழிப்பறை க்ளோசெட் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு மூடி மெதுவாக இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். எதற்காக அதை வாங்குகிறார்களோ அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்யுமா என்று வாய்விட்டுக் கேட்க வெட்கம். அந்த வெட்கத்தைப் போக்குவதுதான் டெமோ அக்காவின் உத்தியோகம். கடை நடுவே தண்ணீர் இணைப்போடு ஒரு க்ளோசெட் நிற்கும். காலையில் வந்ததும் கோதுமை மாவைப் பிசைந்து, உருட்டி நீட்டி, எது மாதிரி இருக்க வேண்டுமோ அது மாதிரியே செய்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்வாள். ஆள் வந்ததும் இரண்டை எடுத்துப் போட்டுப் பொத்தானை அமுக்குவாள். வெறும் மாவுக்கே மூக்கைப் பொத்துகிற புண்ணியவான்கள் உண்டு. அக்கா சிரிக்கவே மாட்டாள். "நாலு லிட்டர் தண்ணிதான் சார். ஒரே அமுக்கு" என்பாள்.

நான் அந்தக் கடையில் ஃபிட்டர். விற்பதைக் கொண்டுபோய் வீடுகளில் மாட்டுகிறவன். மாட்டிய பிறகு ஒழுகினால் திட்டு வாங்குகிறவனும் நான்தான்.

அக்காவை நான் களைப்பில்லாமல் பார்த்ததே இல்லை. பகல் முழுக்க நின்றே பேச வேண்டும். சாயங்காலம் பஸ்ஸிலும் நின்றே போவாள். வீட்டுக்காரர் லாரி டிரைவர், வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரிதான். வீட்டில் மாமனார் மட்டும். அந்தக் காலத்தில் அச்சாபீஸில் எழுத்துக் கோத்தவர், முழங்கால் போய்விட்டது, அதிகம் பேசாத மனிதர். சமைத்து வைத்துவிட்டு வருவாள், போய்ச் சமைப்பாள். "எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா துணி துவைக்கிற கிழமைன்னு அர்த்தம்" என்பாள்.

இதற்கு நடுவில் அவள் குடியிருந்த கட்டடத்துக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. வீட்டுக்காரர், அதாவது வாடகை வாங்குகிற மகராசன், ஒரு காரியம் செய்தார். எல்லா வீட்டிலும் பழைய ஃப்ளஷ் டேங்க்கைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் மிச்சம் பிடிக்கிற சின்ன டேங்க்கை மாட்டினார். கீழே க்ளோசெட் அதே பழசு. அது பத்து லிட்டரை நம்பிப் பிறந்தது ஐயா! அதற்கு நாலு லிட்டரைக் காட்டினால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. தண்ணீர் வரும், ஒரு சுற்றுச் சுற்றும், உள்ளே கிடப்பது கிடந்தபடியே கிடக்கும். மறுபடி டேங்க் நிறைகிறவரை நின்று, மறுபடி அமுக்கி, அப்புறம் பக்கெட்டில் மொண்டு ஊற்ற வேண்டும். மிச்சம் எங்கே பிடித்தது? இன்னும் கூடத்தான் செலவு. தண்ணீர் குறைவாக எடுக்கிற டேங்க் வேண்டுமென்றால் அதற்கென்று வார்த்த க்ளோசெட்டும் வேண்டும். அக்கா இதைக் கடையில் தினமும் தொண்டை வற்றச் சொல்லுவாள். வாடகை மகராசனிடமும் சொன்னாள். "எல்லாம் பழகிடும்மா" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா பக்கெட்டை நிரப்பி வைக்கப் பழகிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் ஒரே அமுக்கு, அவள் வீட்டில் பக்கெட்.

அதற்குப் பிறகுதான் மாமனார் இளைக்க ஆரம்பித்தார்.

சோற்றைப் போட்டால் பாதிக்கு மேல் ஒதுக்கிவிடுவார். "போதும்மா, பசியில்ல." டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தம், சர்க்கரை, எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் டாக்டர். என்ன செய்கிறது என்று அக்கா கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பார். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது.

இதில் நாத்தனார் வேறு. அக்கா புருஷனுக்கு மூத்தவர், நாலு தெரு தள்ளி இருக்கிறார். அப்பா அங்கே போனால் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாராம். இது போதாதா? ஒருநாள் மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, சாப்பிடலையா?"

"எப்படிடா எறங்கும்? அண்ணி போன் பண்ணாங்க. 'என் வீட்ல ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுற மனுஷன், உன் வீட்ல மட்டும் ஏன் காஞ்சு கெடக்குறாரு? போடுறதுக்கு மனசு வரலையா'ன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? அங்க சாப்பிடுறாரு, இங்க சாப்பிடல. கண்ணால பாக்குறாங்கல்ல. எனக்கே சந்தேகமா இருக்கு, என் கையில ஏதோ கோளாறு இருக்குமோன்னு." டப்பாவை மூடிவிட்டாள். "அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, பட்டினி போட்டுக் கொன்னவன்னுதான் என்னைச் சொல்லுவாங்க. அதுகூடப் போகட்டும்டா. கண்ணு முன்னாடி ஒரு மனுஷன் கரைஞ்சு போறாரு. ஒண்ணும் பண்ண முடியல."

எனக்குக் கோபம் வந்தது. அந்த நாத்தனாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்றேன். சும்மா இரு என்று எழுந்து போய்விட்டாள். வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள்.

ஒரு குடும்பம். மகன், மருமகள், ஒரு வயசான அப்பா. அக்கா மாவைப் போட்டாள், அமுக்கினாள், பேசினாள். மகனும் மருமகளும் குழாய் பார்க்க நகர்ந்ததும் அந்தப் பெரியவர் மட்டும் நின்றார். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உண்மையாவே ஒரே தடவைல போயிடுமாம்மா?"

"போயிடும்ங்க."

"இல்ல, இப்ப இருக்கிறதுல மூணு தடவை அமுக்க வேண்டியிருக்கு. வெளிய மருமக இருக்கா. ஒவ்வொரு தடவையும் சத்தம் கேக்கும். நான் போனப்புறம் அவ உள்ள போனா, ஏதாவது மிச்சம் இருந்துட்டா... கூச்சமா இருக்கும்மா. நான் ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன்."

அக்காவின் கை பொத்தான் மேலேயே நின்றுவிட்டது. பெரியவருக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணி வீட்ல பழைய பெரிய டேங்க்குடா" என்றாள். மாமனார் அங்கே ஏன் சாப்பிடுகிறார் என்று எனக்குப் புரிய அதுவே போதும்.

அன்றைக்கே முதலாளி முன்னால் போய் நின்றாள். பின்பக்கம் கீறல் விழுந்த ஒரு செட், க்ளோசெட்டும் அதற்கேற்ற டேங்க்கும், குடோனில் விற்காமல் கிடந்தது. அது எனக்கு வேண்டும் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட முதல் உதவி அதுதான். அதனாலோ என்னவோ, முதலாளி மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பழசைப் பெயர்த்துப் புதுசை மாட்டினேன். வாடகை மகராசன் வந்து தரை உடைந்தால் நான் பொறுப்பில்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். எதற்குத்தான் அவர் பொறுப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிமெண்ட் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டுப் பார்க்கப் போனேன். அக்கா மாவு உருட்டி வைத்திருந்தாள். மாமனாரைப் பார்த்து, "மாமா, கடையில சரக்கப் பத்திப் புதுசாப் பேசச் சொல்லியிருக்காங்க. பேசிப் பழகணும். நீங்க கஸ்டமர் மாதிரி உக்காருங்க" என்றாள். குளியலறை வாசலில் நாற்காலி போட்டாள். அவர் வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தார். இரண்டு போதாதென்று நாலு மாவைப் போட்டாள், மேலே ஒரு கற்றைக் காகிதமும் போட்டாள். அமுக்கினாள். போய்விட்டது. மறுபடி போட்டாள். அதுவும் போய்விட்டது.

மாமனார் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பவும் ஒரே தடவைல போயிடுமா?" என்றார்.

"போயிடும் மாமா" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "ஒரு சத்தந்தான்."

அவர்கள் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி தட்டை வழித்துச் சாப்பிட்டாராம். மறுநாள் கடையில் அக்கா இதை என்னிடம் சொல்லும்போது அழுதாள். "அவ்வளவு நாளும் நான் போட்ட சோத்தப் பயந்து பயந்து பாத்துருக்காருடா, பாவம்" என்றாள்.

மாமனார் முகத்தில் சதை பிடிக்க ஆரம்பித்த பிறகு டேங்க் அடியில் லேசாகக் கசிகிறது என்று அக்கா சொன்னாள். நான் மாட்டியது, வேறு யார் போவது? ஒரு ஞாயிறு மத்தியானம் வாஷர் மாற்றப் போனேன். குளியலறைக்குள் ஸ்பேனரோடு குந்தியிருக்கும்போது நாத்தனார் வந்து சேர்ந்தார். அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வரவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது.

"இப்பத்தான் அப்பா முகத்துல களையே வந்திருக்கு" என்றார் நாத்தனார். "நான் அன்னிக்கு நாலு வார்த்தை கேட்டதாலதான? கேக்கலன்னா இன்னும் அரை வயித்துக்குத்தான் போட்டிருப்ப."

அக்கா பதில் சொல்லுவாள் என்று பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். "ஆமா அண்ணி" என்றாள். அவ்வளவுதான். ஸ்பேனரை வீசலாமா என்று இருந்தது எனக்கு. மாமனார் மானத்தைக் காப்பாற்றத் தன் பேரை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அவ போட்டா. எப்பவும் நிறையத்தான் போட்டா" என்றார் மாமனார். "நான்தான் சாப்பிடல. சாப்பிட்டாப் போகணும், போனா அது போகாது. இந்தப் பொண்ணு வேலைலருந்து அலுத்துப் போயி வரும், வந்து எனக்காக பக்கெட்டத் தூக்கணும். எனக்கு வெக்கமா இருந்துச்சு. வெளிய சொல்லவும் வெக்கம். உன் வீட்ல அந்தத் தொல்லை இல்ல, அதான் அங்க சாப்பிட்டேன்."

அவர் குரல் குளியலறைப் பக்கம் திரும்பியது.

"தம்பி, உள்ளதான இருக்க? அத ஒரு தடவை அமுக்கு" என்றார்.

வாஷரை முறுக்கிவிட்டு, டேங்க் நிறைந்ததும் அமுக்கினேன். தண்ணீர் ஒரு மூச்சில் போய் அடங்கியது.

"கேட்டியா? அவ்வளவுதான் சத்தம்" என்றார் மகளிடம். "என் மருமக போட்டுக் குடுத்தது."

நான் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது நாத்தனார் கையில் கரண்டி இருந்தது. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா போதும் போதும் என்றாள். அந்த அம்மாள் கேட்கவில்லை.