உங்களுக்காக எடுத்த படம்

"அப்ப நீங்கள் லோயர் இல்லையோ?"

கதிரையில் ஒழுங்காக உட்காருவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். இல்லை, நான் பரலீகல், சில வழக்குகளுக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள ஆள் என்பேன். உடனே முகம் ஒரு மாதிரிப் போகும். விளைமீன் வாங்கப் போனவருக்குச் சூடைமீன்தான் இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. இத்தனை வருடமாகியும் எனக்கு அந்த முகம் பழகவில்லை. பழகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன், அவ்வளவுதான்.

கனடாவில், மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் என் அலுவலகம். கீழே கொத்துரொட்டிக் கடை. குடிவரவு விடயத்தில் எனக்கு விதித்திருக்கும் எல்லை விசித்திரமானது. ஒருவர் தன் மனைவியைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் விண்ணப்பம் போட வந்தால், அதை நான் நிரப்பக் கூடாது. அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டு விசாரணைக்குப் போகும்போது மட்டும் அவருக்காக வாதாடலாம். அங்கேயும் தோற்றால் அதற்கு மேலே இருக்கிற நீதிமன்றத்துக்கு நான் போக முடியாது. அது லோயர்களின் இடம். வீடு கட்டும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது, இடிந்து விழுந்த பிறகு வந்து கல்லுப் பொறுக்கலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

கட்டுகிறவர், அதாவது விண்ணப்பம் நிரப்புகிறவர், யார் என்றால், எங்கள் பிளாசாவிலேயே ஒருவர் இருக்கிறார். சாறிக்கடையின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு பிரின்ரர், ஒரு சாமிப் படம். எந்த லைசென்சும் கிடையாது. சனம் அவரை அங்கிள் என்று கூப்பிடும். அங்கிள் சொன்னால் சரி. நான் பரீட்சை எழுதி, சத்தியப்பிரமாணம் எடுத்து, வருடா வருடம் வகுப்புக்குப் போய் வந்து சொன்னால், "எதுக்கும் அங்கிளையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்பார்கள்.

இந்தக் கதையின் மனிதரும் அங்கிளிடமிருந்துதான் வந்தார். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவிக்குப் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. கல்யாணம் உண்மையானதல்ல, கனடாவுக்கு வருவதற்காகச் செய்தது என்று அதிகாரி முடிவு செய்திருந்தார்.

"மேன்முறையீடு போட்டாச்சு அக்கா. அங்கிள்தான் போட்டுத் தந்தவர். விசாரணைக்குத் தன்னாலை வர ஏலாதாம். உங்களாலை ஏலுமோ?"

ஏலும் என்றேன். அந்த ஒரு இடத்துக்குத்தானே என்னால் ஏலும்.

நடந்தது இதுதான். கல்யாணப் பேச்சுக்கால் முடிந்து, நாளும் வைத்து, இவர் லீவு எடுத்து விமான ரிக்கற்றும் வாங்கிய பிறகு பெண்ணின் தாய் இறந்துவிட்டார். கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளுவதா என்று யோசித்திருக்கிறார்கள். பெண்ணுக்கு வயது போகிறது. இவருக்குத் திரும்ப லீவு கிடைக்குமோ தெரியாது. தாயின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில வாரங்கள் கழித்து, பெரியவர்கள் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். கோயிலில் தாலியைக் கட்டி, பதிவையும் முடிப்பது. மேளம் இல்லை, வீடியோ இல்லை, மண்டபம் இல்லை. கொண்டாட்டத்தை, ஒரு வருடத்தில் வரும் ஆட்டைத் திவசம் கழிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு யாரோ போனில் எடுத்த சில படங்கள் மட்டும் இருந்தன. மணமகள் அழுது வீங்கிய கண்ணோடு நிற்கிறாள். மாப்பிள்ளை அவளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். பின்னால் நிற்கும் சொந்தக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதிகாரியின் கடிதத்தில் இருந்தது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். இந்தச் சமூகத்தில் திருமணங்கள் வழமையாகப் பெரிய அளவில், மகிழ்ச்சியாகக் கொண்டாடப்படுமாம். இந்தத் திருமணம் அந்த வழமைக்கு மாறாக இருக்கிறதாம். மணமக்கள் ஒருவரோடு ஒருவர் நெருக்கமில்லாதவர்களாகத் தெரிகிறார்களாம்.

தாயைப் பறிகொடுத்தவள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால்தான் மணப்பெண் என்று இந்த அதிகாரிகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். யூனியன்வில் பக்கம் மண்டபம் எடுத்து, மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி, மேலே ட்ரோன் பறக்கவிட்டு, செங்கல் தடிப்பில் அல்பம் அடித்து விண்ணப்பத்தோடு அனுப்புகிறவர்கள் நாங்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் எங்கள் வழக்கத்தைப் படித்திருக்கிறார்கள். துக்க வீட்டில் எப்படித் தாலி ஏறும் என்பதற்கு யாரும் அல்பம் அனுப்பியதில்லை.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகவே இருந்தது. உண்மை எங்கள் பக்கம் நிற்கிற வழக்கு அடிக்கடி வாய்க்காது. தாயின் மரணச் சான்றிதழ் இருக்கிறது. கோயில் ஐயர் கடிதம் தருவதாகச் சொன்னார். ஒரு வருடத் துக்கம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினால், எந்த மனிதருக்கும் விளங்கும்.

பைலில் இன்னொன்றும் இருந்தது. நிராகரிப்புக்குப் பிறகு, நான் வர முன்பே, அங்கிள் மேன்முறையீட்டோடு சேர்த்து அனுப்பிய ஓர் அல்பம். மண்டபம், பலூன், மேடை. மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக நிற்கிறார். மணமகள் கழுத்து நிறைய நகை. நாலு தட்டுக் கேக்கை இரண்டு பேரும் சேர்ந்து வெட்டி, ஒருவருக்கொருவர் ஊட்டுகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"ஆட்டைத் திவசம் முடிஞ்ச பிறகு ரிசெப்சன் வைச்சனாங்கள் அக்கா. நான் ரெண்டாந்தரம் போகேக்கை."

"உண்மையா வைச்சதோ?"

"ஓம் அக்கா. சொன்னபடி பிறகு வைச்சது."

பொருந்தத்தான் செய்தது. தள்ளிவைத்த கொண்டாட்டத்தை ஒரு வருடம் கழித்து நடத்தியிருக்கிறார்கள், அதைவிட நல்ல சாட்சி எது? அதை நடுவில் வைத்தே என் வாதத்தைக் கட்டினேன்.

விசாரணைக்கு முன் அவர் மனைவியோடு போனில் பேசினேன். ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை செய்கிறவள். மெல்லிய குரல், அவசரப்படாமல் பேசுகிற ஆள். எல்லாச் சாட்சிகளுக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். கேள்வியை முழுக்கக் கேளுங்கோ. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்கோ.

"அவ்வளவுதானே அக்கா? அப்பப் பயமில்லை" என்றாள்.

விசாரணைகள் இப்போது கணினித் திரையில்தான் நடக்கின்றன. நானும் அவரும் என் அலுவலகத்தில் இருந்தோம். கீழே கொத்துப் போடுகிற சத்தம் கேட்காமல் இருக்க, கதவடியில் என் குளிர் ஜக்கற்றைச் சுருட்டி வைத்தேன். திரையில் முடிவு சொல்லப்போகிறவர் ஒரு கட்டத்தில், அரசாங்கத் தரப்புப் பெண் ஒரு கட்டத்தில், மொழிபெயர்ப்பாளர் ஒரு கட்டத்தில். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து போனில் வருவதாக ஏற்பாடு. கணவர் சாட்சி சொல்லி முடியும்வரை அவளை இணைக்க மாட்டார்கள்; ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது.

அவர் நன்றாகவே சொன்னார். ரிசெப்சனைப் பற்றிக் கேட்டபோது, துக்கம் கழிந்து குடும்பமாகக் கொண்டாடினோம் என்று சத்தியத்தின் பேரில் சொன்னார். குரலில் நடுக்கமில்லை.

பிறகு அவளை இணைத்தார்கள். தாயைப் பற்றி, கோயிலைப் பற்றி, அன்றைக்கு உடுத்த கூறைச் சேலையைப் பற்றியெல்லாம் தெளிவாகச் சொன்னாள். அரசாங்கத் தரப்புப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். குற்றம் சொல்ல ஏதுமில்லை.

"வரவேற்புக்கு வந்தவர்களுக்கு என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?"

மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

"சாப்பாடு குடுக்கேல்லை."

"ஏன்?"

"அது ரிசெப்சன் இல்லை. படம் எடுக்கிறதுக்கு எண்டு ஹோலை அரைநாளுக்கு எடுத்தது. அம்மா இல்லாமல் எனக்குக் கொண்டாட மனமில்லை எண்டு சொன்னனான். அப்ப, படம் மட்டும் எடுத்தால் காணும் எண்டு சொல்லிச்சினம்."

"கேக் வெட்டுகிறீர்களே?"

"அது கேக் இல்லை. பெட்டிக்குள்ளை சாமான் உடையாமல் வைக்கிற ரெஜிஃபோம். வெட்டுற இடத்திலை மட்டும் ஒரு துண்டுக் கேக் வைச்சிருந்தது. நகையும் இரவல். முந்தி எடுத்த படங்கள் உங்களுக்குக் காணாதாம். அதுதான் இது உங்களுக்காக எடுத்தது. சிரிக்கச் சொல்லிச்சினம். சிரிச்சனான்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் தவறாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அரைகுறை மொழிபெயர்ப்புகளோடு எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்த மனிதர் கொஞ்சம் பிழை விடமாட்டாரா என்று மனம் கேட்டது. பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தபோது, இவரை ஏன் கட்டினீர்கள் என்று அவளிடம் கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"அம்மா வருத்தமாப் படுக்கையிலை கிடக்கேக்கை ஒவ்வொரு நாளும் போன் எடுப்பார். என்னைச் சுகம் கேக்க முதல், அன்ரி சாப்பிட்டவவோ எண்டு கேப்பார். அப்ப எங்களுக்குக் கலியாணம் முடிவாகவும் இல்லை. அதுதான் கட்டினனான். ரெண்டாந்தரம் வந்தவர் காய்ச்சலாக் கிடந்தார். ஒரு கிழமையாக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தனான். அதை ஒருத்தரும் படம் எடுக்கேல்லை."

வாதத்தைச் சொல்லும்போது குரல் தழதழத்துவிடக் கூடாதே என்று தண்ணீர் குடித்தேன். இப்படிப் பேசுகிற பெண்ணைப் பொய்க் கல்யாணம் செய்தவள் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். அழகான ஆங்கிலத்தில், சட்டத்துக்கு உட்பட்ட சொற்களில்.

தீர்ப்பு தபால் போல மெதுவாக வந்தது. மனைவி சொன்ன கஞ்சிக் கதைக்கு ஒரு வரி கிடைத்திருந்தது. அல்பத்துக்கு இரண்டு பக்கம். ஸ்பொன்சர் செய்தவர் சத்தியத்தின் பேரில் பொய் சொல்லியிருக்கிறார். ஆகவே அவர் சொன்ன மற்றவற்றையும் நம்ப முடியாது. திருமணம் உண்மையானது என்று நிரூபிக்கப்படவில்லை. தள்ளுபடி.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவரிடம் கத்தினேன். "முதலே சொல்லியிருந்தால், பயத்திலை எடுத்த படம் எண்டு நாங்களே முன்னுக்குச் சொல்லியிருக்கலாம். வழக்கு இதோடை போயிருக்காது."

"அங்கிள் சொன்னவர், உங்களுக்கும் சொல்ல வேண்டாம் எண்டு. நீங்கள் சட்டம் கதைப்பீங்களாம்."

சட்டம் கதைக்கத்தானே என்னை வைத்தது? அதைக் கேட்டு என்ன பயன்?

"இனி என்ன செய்யிறது?" என்றார்.

"மேலை போறதெண்டால் லோயரிட்டைத்தான் போகவேணும். என்னாலை ஏலாது."

"அப்ப முதலே லோயரிட்டைப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பிறகு கதவடியில் நின்று, "அவள் ஒரு சொல்லை மாத்திச் சொல்லியிருந்தால் காணும். புருசனைக் காட்டிக் குடுத்துப்போட்டாள்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் கூட இருந்தது. அவமானப்பட்ட ஆம்பிளை கோபக்காரனைவிட மோசம்.

அங்கிளைக் கொத்துக் கடை வரிசையில் சந்தித்தேன். நான் வாய் திறக்க முன்பே அவர் தொடங்கினார். "அந்தப் பெட்டைக்கு விளக்கம் காணாது, பிள்ளை. நீங்கள் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாமே." பின்னால் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் பார்சலை வாங்காமலே படியேறிவிட்டேன். அவரைப் பற்றிப் புகார் கொடுக்கலாம், கொடுத்தேன். அவரிடம் போனவர்களில் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். ஒருவரும் வரவில்லை. சாறிக்கடைப் பின்னறையில் இன்றைக்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அடுத்த பனிக்காலத்தில் அந்தக் கணவர் போன் எடுத்தார். விவாகரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அதற்கும் எனக்கு லைசென்ஸ் இல்லை என்றேன். அங்கிள் வேறு இடத்தில் பெண் பேசியிருக்கிறாராம். இந்த முறை மண்டபத்தில் செய்வதாம், வீடியோவும் உண்டாம்.

சில நாள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து அவள் போன் எடுத்தாள். அழவில்லை. அதே அவசரமில்லாத குரல்.

"அக்கா, கோயிலிலை எடுத்த படங்கள் உங்கடை பைலிலை இருக்குத்தானே? எனக்கு அனுப்பிவிடுவீங்களோ? என்ரை போன் பழுதாப் போச்சு, என்னட்டை இல்லை."

"மற்ற அல்பம்?"

"அது வேண்டாம். அது அவையளின்ரை."

அனுப்புகிறேன் என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"அக்கா, நீங்கள் உண்மையைச் சொல்லச் சொன்னீங்கள்தானே? நான் சொன்னது பிழையோ?"

இல்லை, பிழையில்லை என்றேன். அதைத் தவிர வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. கல்யாணம் உண்மையில்லை என்று அந்த அதிகாரி எழுதிய நாளில் அது உண்மையாக இருந்தது. எழுதி எழுதியே அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள், நாங்களும் சேர்ந்துதான்.

நாளைக்கும் ஒரு விசாரணை இருக்கிறது. மன்னாரில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இன்று போன் எடுத்தேன். கேள்வியை முழுக்கக் கேளுங்கோ என்றேன். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ என்றேன். மூன்றாவதைச் சொல்ல முன் அவளுடைய பைலைத் திறந்து கல்யாணப் படங்களை ஒருமுறை புரட்டினேன். அக்கா, லைனிலை நிக்கிறீங்களோ என்று அவள் கேட்டாள். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, உண்மையைச் சொல்லச் சொன்னேன். வேறு எதையும் சொல்ல என் லைசென்ஸ் இடம் தராது.