அரண்மனையா, துறைமுகமா?

"இரு... இரு... அவன் திரும்பட்டும்டா" என்று அண்ணி பூட்டுக்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். பூட்டுக்காரன் கணினித் திரைக்குள், ஒரு தூணுக்குப் பின்னால் குந்தியிருக்கிறான். மாடத்தில் ஒரு காவலாளி மெல்ல நடை போடுகிறான். அவன் பார்வை எட்டும் இடமெல்லாம் தரையில் பச்சை வெளிச்சமாக விரிந்து கிடக்கிறது. அவன் தலை திரும்பினால் அதுவும் கூடவே திரும்புகிறது. அதற்கு அண்ணி வைத்த பெயர் விசிறி. விசிறிக்குள் ஒரு கால் பட்டாலும் மணி அடித்துவிடும், அரண்மனையே திரண்டு ஓடிவரும். அண்ணி மூச்சு விடாமல் பார்க்கிறாள். ஒரு விரல் மட்டும் கீபோர்டில், ஆட்டத்தை அந்த இடத்திலேயே சேமித்துவைக்கும் சேவ் பொத்தானைத் தட்டுகிறது, நிற்கிறது, மறுபடியும் தட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் அண்ணன் வீட்டில் இப்படித்தான் கரையும். நான் மாடியில் குடியிருக்கிறேன். சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் கீழே வந்துவிடுவேன். அண்ணி திரைச்சீலைகளை இழுத்துவிடுவாள். அறை முழுக்கத் திரையின் நீலம் பரவி, சுவரில் இருக்கும் கடிகாரம்கூடத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரியும். பக்கத்து அறையில் அண்ணனின் குறட்டை சீராக ஏறி இறங்கும். தெருவில் யாரோ இரும்புக் கதவைச் சாத்தும் சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல் வந்து சேரும். நாற்காலி ஒன்றுதான். அண்ணி அதில், நான் அதன் கைப்பிடியில். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு கிடப்பது சொந்தக்காரர்கள் சிலருக்கு வயிற்றெரிச்சல். எரியட்டும், எங்களுக்கென்ன!

இந்த வகை ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் சுட்டுத் தள்ளிக்கொண்டே போக முடியாது. மொட்டைமாடியிலிருந்து பார்ப்பதுபோல் ஓர் இடம் முழுவதும் கீழே தெரியும். நம் ஆட்கள் மூன்று பேர், காவலாளிகள் ஒரு பட்டாளம். யார் எந்தப் பக்கம் நடப்பான், எங்கே நிற்பான், எப்போது கொட்டாவி விடுவான் என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். அப்புறம் ஒருத்தர் கண்ணிலும் படாமல் உள்ளே புகுந்து, வந்த காரியத்தை முடித்து, பூனைபோல வெளியே வந்துவிட வேண்டும். நாம் யோசித்து முடிக்கும்வரை அவர்கள் நிற்கமாட்டார்கள், நடந்துகொண்டேதான் இருப்பார்கள். அண்ணி யாரையும் கொல்வதில்லை. எல்லோரையும் தூங்க வைத்து, புதருக்குள் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். "பாவம், அவனும் சம்பளத்துக்குத்தானே நிக்கறான்" என்பாள்.

வாரத்தின் மற்ற நாட்களில் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. அங்கே அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கத்தமாட்டாள், கையைத் தட்டிவிடமாட்டாள். "ஸ்டியரிங்கோட கழுத்தை நெரிக்காதீங்க, அது உங்களை ஒண்ணும் செய்யலையே" என்று தாலாட்டுகிற குரலில் சொல்வாள். மற்ற பயிற்றுநர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்ட ஆட்கள்கூட அண்ணியிடம் வந்து தேறியிருக்கிறார்கள். உரிமம் வாங்கிய ஒரு பல் மருத்துவர் இன்னும் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் "டீச்சர்" என்று முணுமுணுக்கிறாராம். அவர் மனைவியே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

தெருவிலும் அண்ணிக்கு ஆட்டம்தான். கடையில் கூட்டமாக இருந்தால் முண்டியடிக்கமாட்டாள். ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "அந்தச் சட்டைக்காரர் இப்ப பில்லு போடப் போவாரு, அந்தம்மா பையைத் தேடும், அப்ப நாம போயிடலாம்" என்பாள். அச்சுப் பிசகாமல் அப்படியே நடக்கும். உறவில் ஒரு பெரியம்மா இருக்கிறாள். எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரிப்பதையே தொழிலாக வைத்திருப்பவள். அவள் வந்திருக்கும் வீட்டில் நான் தலையைக் காட்டினால் அண்ணி என் முழங்கையைப் பிடிப்பாள். "விசிறி இந்தப் பக்கம் திரும்புது. வா, சமையலறை வழியா!" அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பத்து வயது குறைந்துவிடும்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. எது சிறந்த ஆட்டம்? அண்ணிக்கு அரண்மனை. எனக்குத் துறைமுகம். இவை ஆட்டங்களின் உண்மைப் பெயர்கள் அல்ல, வீட்டில் வழங்கும் பெயர்கள். அரண்மனையில் இடம் அசையாது. வரைந்து மாட்டிய படம்போல் எப்போதும் ஒரே கோணம்: பனிபெய்த முற்றம், தூண்கள், மாடங்களில் விளக்குகள். துறைமுகத்தில் ஒரே மூடுபனி. கப்பல்களும் கிட்டங்கிகளும் அதற்குள் மிதந்துகொண்டிருக்கும். நமக்கு வேண்டியபடி மொத்த ஊரையும் மவுஸால் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம்.

"ஊரையே சுத்தறதுல என்ன சாமர்த்தியம் இருக்கு? பம்பரமா விடறே?" என்பாள் அண்ணி.

"உங்க அரண்மனையில தூணுக்குப் பின்னாடி இருக்கறவனை எப்படிப் பாக்கறதாம்?"

"பாக்கக்கூடாது. அவன் நிழலைப் பாக்கணும். அதுதான் ஆட்டம்."

"அரண்மனையில மூணு பேருக்கும் வேலையைச் சொல்லிவெச்சு ஒரே நேரத்துல ஏவிவிட முடியுமா? துறைமுகத்துல முடியும்!"

"எனக்கு ஏவிவிடத் தேவையில்லை. எனக்கு ரெண்டு கை இருக்கு."

அண்ணன் எழுந்து வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே, "ரெண்டுமே நடக்கறதும் ஒளியறதும்தானே" என்று ஒரு முறை சொன்னான். அன்று சாயங்காலம்வரை அவனுக்கு யாரும் டீ கொடுக்கவில்லை.

இப்படி இருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "துறைமுகமே போடு. யோசிச்சுப் பாத்தா அதுதான் நல்லா இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கில் ஜெயித்துவிட்டேன்! அண்ணனை எழுப்பிச் சொன்னேன். மாடி ஏறும்போது பாட்டுக்கூடப் பாடினேன். மறுவாரமும் துறைமுகம், அதற்கு மறுவாரமும் துறைமுகம். அரண்மனை என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

மூடுபனிக்குள் விளக்குகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மதியம், பாதித் தூக்கத்தில் அவள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் சுற்றிக்கொண்டே இருந்தது. எந்தக் காவலாளி இடது பக்கமாக வந்தாலும் அண்ணி உடனே ஊரைத் திருப்பி அவனை வலது பக்கம் கொண்டுவந்தாள். திருப்ப மறந்த போதெல்லாம் மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டதெல்லாம் திரையின் இடது ஓரத்தில். பச்சை விசிறி பட்டவர்த்தனமாக வந்து எங்கள் ஆளின் காலை நக்கியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. மணி அடித்ததும், "எங்கேர்ந்துடி வந்தான் இவன்!" என்று நிஜமாகவே திடுக்கிட்டாள்.

என் தூக்கம் போய்விட்டது. முந்தைய வாரம் அவள் சிரித்துக்கொண்டே சொன்ன கதை நினைவுக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு தையற்காரர் சட்டென்று பிரேக் போட்டாராம். "டீச்சர், சைக்கிள்காரரைப் பாக்கலையா?" என்று கேட்டாராம். "நீங்க பாக்கறீங்களான்னுதான் பாத்தேன்" என்று அண்ணி சமாளித்தாளாம். அன்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கொஞ்ச நாளாக அவள் கைப்பை கதவின் இடது நிலையில் இடிப்பதும், இடது பக்கம் வைத்த டம்ளரைத் தேடுவதும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் ஆட்டத்தை மாற்றவில்லை. கண் மாற்ற வைத்திருக்கிறது. இது தெரியாமல் பாட்டு வேறு பாடியிருக்கிறேன்.

"அண்ணி, இடது பக்கம் தெரியலையா?"

"ஜெயிச்ச திமிருல பேசாதே."

"சத்தியமா கேக்கறேன்."

அவள் ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். மூடுபனி மட்டும் திரையில் நகர்ந்துகொண்டிருந்தது. "தெரியாமல்லாம் இல்லை. கொஞ்சம் பனி மூட்டமா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். "உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே."

கண் மருத்துவரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, நரம்பு மெலிந்திருக்கிறது என்றார். போன பார்வை திரும்பாதாம், இருப்பதைக் காப்பாற்றலாமாம். எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்தா அறுவையா என்று முடிவுசெய்ய முடியும், நீங்கள் அந்த வேலைக்குப் போகலாமா என்றும் சொல்ல முடியும் என்றார். அதற்கு ஒரு சோதனை. வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு சின்ன வெளிச்சம் தோன்றி மறையும். தெரிந்தால், கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

அண்ணி உற்சாகமாக வெளியே வந்தாள். "ஒண்ணு விடாம பிடிச்சிட்டேன்" என்றாள்.

மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வெளிச்சமே போடாத நேரத்துலயும் அழுத்தியிருக்கீங்கம்மா. மிஷின் நடுநடுவுல சும்மா இருந்து பாக்கும். இதை வெச்சுக்கிட்டு என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம்."

வண்டி நிறுத்துமிடத்தில் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, காரில் சாய்ந்து நின்றாள்.

"பழக்கதோஷம்டி. ஒரு வெளிச்சம், கொஞ்சம் இடைவெளி, ஒரு வெளிச்சம்... காவலாளி நடை போடற மாதிரியே வந்துது. எனக்கே தெரியாம கை தாளம் பிடிச்சுக்கிச்சு. இப்ப வருவான், இப்ப வருவான்னு அழுத்திட்டே இருந்தேன்."

"அவ்வளவுதானா?"

"முதல்ல அவ்வளவுதான்." துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள். "அப்புறம் தெரிஞ்சேதான் அழுத்தினேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அந்த சைக்கிள்காரருக்கும் வீட்ல நாலு பேரு இருப்பாங்க, அண்ணி!"

"எனக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் அந்தாளு முகம்தான். ஆனா அந்த சீட்டை விட்டுட்டு வீட்ல உக்காந்தா நான் யாருடி? இன்னார் பெண்டாட்டி, இன்னார் அண்ணி. அந்த சீட்டுல மட்டும்தான் நான் டீச்சர்." அவ்வளவு பெரிய பெண் அப்படி நின்று அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? "டிரைவிங் ஸ்கூல்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று காதில் கேட்டேன். கல் நெஞ்சுக்காரி என்று திட்டினாள். ஆனால் அந்த வாரம் இடுப்புவலி என்று சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டாள். அண்ணனிடமும், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவளே சொன்னாள். அவன் வெகுநேரம் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கிட்ட சொல்ல உனக்கு ஒரு ஆட்டக்காரி துணை வேண்டியிருக்கு" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் அவள் ஆடவில்லை. பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமல் நேராகவே பார்த்து, எது எங்கே மறைகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று தனக்குள் ஏதோ அளந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. பேப்பர் போடுகிறவரும் நாய்களும் பள்ளி வேன்களும் அவளுடைய மூடுபனிக்குள் போய்ப் போய் வந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் கனவிலிருந்து வருகிறவள்போல வந்தாள்.

மறுபடி சோதனைக்கு அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் ஓட்டுகிற லட்சணத்துக்கு வழி நெடுக அவள் திட்டியிருக்க வேண்டும். ஆனால் பின் இருக்கையில் வாய் திறக்காமல் வந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விளக்கை அணைத்தார்கள். வலது கண்ணை மூடிக் கட்டி, அண்ணி இடது கண்ணைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். சோதனை எடுக்கும் பெண்ணுக்குப் பின்னால் எனக்கு ஒரு முக்காலி கிடைத்தது. இயந்திரம் எங்கே வெளிச்சம் போடுகிறது என்று அந்தப் பெண்ணின் திரையில் புள்ளியாகத் தெரியும். வலது ஓரம் ஒன்று, அண்ணி அழுத்தினாள். மேலே ஒன்று, அழுத்தினாள். நடுவுக்குப் பக்கத்தில், அழுத்தினாள். அப்புறம் இடது பக்கம் ஒரு புள்ளி எரிந்து அணைந்தது. பொத்தான் சத்தம் வரவில்லை. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் இடது பக்கம்.

தாளம் அவளுக்கு அத்துப்படி. இந்த நொடியில் ஒன்று வந்து போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இருட்டில் அவள் தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. அண்ணி பெருவிரலைப் பொத்தானிலிருந்து லேசாகத் தூக்கி, படாமல், அப்படியே பிடித்துக்கொண்டாள்.