ஏற்றாமல் திருப்பிய எட்டு பேனல்

கூரைமேல் சோலார் பேனல் தாங்கும் முதல் ரெயிலை முடுக்கிவிட்டு, மெயின் போர்டைப் பார்க்க வீட்டுக்குள் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை, காலை மணி பதினொன்று. கரண்டு ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினால் எண் ஏறவே இல்லை. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று வேறொன்றை மாட்டினேன். அதுவும் அதையேதான் காட்டியது. அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஐஸ்பெட்டியும் ஒரு காற்றாடியும் மட்டும்.

வயர்மேன் வேலையில் இருபத்தாறு வருஷம், அதில் சோலார் எட்டு வருஷம். என் கணக்கு தப்பாது என்று மார்தட்டுகிறவன் நான்.

வீட்டுக்காரர் சரோஜா அக்கா. பத்து பகாட் ஊரில் ஒரு துணி ஆலையில் தைத்து ஓய்வு பெற்றவர். மாதம் 450 வெள்ளி, அதாவது ரிங்கிட், கரண்டு பில். "வேலை நின்னாலும் பில்லுக்கு மகன்கிட்ட கை நீட்ட மாட்டேன் தம்பி" என்று சேமநிதிப் பணத்தை எடுத்திருந்தார். பன்னிரண்டு பேனல், 28,000 வெள்ளி. மாதம் 390 மிச்சம், ஆறு வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்று சொன்னது நான்தான்.

"அக்கா, பகல்ல எப்பவும் இப்படித்தானா?"

"வேற எப்படி? மகனும் மருமகளும் விடியக்காலையிலேயே ஃபேக்டரிக்குப் போயிடுவாங்க. ராத்திரி வந்தாதான் ஏர்கோன்."

அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரம் காலையும் மாலையும் மீட்டரைக் குறித்து வையுங்கள் என்று நான் தாள் கொடுத்தது தீபாவளி வாரத்தில். வீடு நிறைய விருந்தாளிகள், பகல் முழுக்க மூன்று ஏர்கோன் வீட்டைக் குளிரவைத்தன. அதில் ஒன்றுக்கு நேர் கீழே உட்கார்ந்து இரண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டவனும் நான்தான். அந்த வாரத்தை வருஷம் முழுக்க நீட்டிக் கணக்குப் போட்டிருக்கிறேன், மடையன்.

வெயில் காயும்போது வீட்டில் ஆள் இல்லை. மிஞ்சி வெளி லைனுக்குத் தள்ளிவிடும் மின்சாரத்துக்குப் பில்லில் கிடைக்கும் கழிவோ ரொம்பக் குறைவு. உண்மையில் மிச்சம் 200 வெள்ளிதான். பணம் திரும்பப் பன்னிரண்டு வருஷம் ஆகும்.

முதலாளியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு லா! பேட்டரியும் வித்துடு. பகல்ல சேத்து வெச்சு ராத்திரி ஏர்கோன் போடட்டும்."

"பேட்டரி பதினஞ்சாயிரம் பாஸ். எல்லாம் சேர்த்து பணம் திரும்ப பதினோரு வருஷம். பேட்டரிக்கு வாரண்டியே பத்து வருஷம்தான்."

"உனக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு, அந்த அக்காவா?"

"நீங்கதான். ஆனா இந்தத் தாமான் குடியிருப்புல இன்னும் நாப்பது வீடு இருக்கு. இந்த ஒரு வீடு வாயத் தொறந்தா போதும், ஒண்ணும் நமக்குக் கிடைக்காது."

அவர் திட்டிக்கொண்டே போனை வைத்தார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. "தப்பு என்னோடதுக்கா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "அலமாக், ஐயோ! முப்பது வருஷம் மிஷின் மிதிச்ச காசு தம்பி!" பிறகு என் தாளைப் பிடுங்கி, பகல் எண்களையும் ராத்திரி எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு மட்டும்னா எத்தனை பேனல் போதும்?"

"நாலு. துணி துவைக்கிறது, இஸ்திரி எல்லாம் வெயில் நேரத்துல வெச்சுக்குங்க. 9,500 வெள்ளி. மாசம் 110 மிச்சமாகும், ஏழு வருஷத்துல திரும்பிடும்."

"அப்ப நாலே போடு. மத்தத ஏத்திக்கிட்டுப் போ."

எட்டு பேனல் அதே லோரியில் திரும்பிப் போயின. அன்றிலிருந்து விசேஷ வாரத்தில் நான் ரீடிங் எடுப்பதில்லை. யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்காமல் விலையும் சொல்வதில்லை. பில் எவ்வளவு என்பது அதற்கப்புறம்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்.

அடுத்த மாதம் அக்கா போன் செய்தார். பில் 340.

"குறைஞ்சிருக்குக்கா, சந்தோஷம். மீதியை எப்படிக் கட்டுறீங்க?"

"நான் ஏன் கட்டணும்? உன் தாளையும் பில்லையும் மகன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சேன். ராத்திரிக் கணக்கு யாரோடதுன்னு அவனே பாத்துக் கட்டிட்டான். நான் கையே நீட்டல தம்பி."