சென்னை கிட்ட, கொழும்பு தூரம்

உங்கள் அடுத்த வீட்டுக்காரி நான் பிளேனைத் தவறவிடப் பார்த்த கதை என்றால் உங்களுக்குக் காது நீண்டுவிடுமே! அடுப்பில் வேலை இல்லையா? சரி, வாசியுங்கள்.

சென்னையில் என் பேத்திக்கு மறுநாள் விடியக் கல்யாணம். "கொழும்பில இருந்து ஒன்றரை மணித்தியாலம்தான் அம்மா" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். பக்கத்து வெருகல் கோயிலுக்குப் பஸ்ஸில் போவதைவிடச் சுகம் என்று நானும் ஆறுதலாக இருந்தேன்.

கிழக்குக் கரையில், அன்புவழிபுரத்தில் எங்கள் வாசலுக்கு வான் வந்தது. "ராகு காலம் கழியட்டும், தம்பி" என்று நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

டிரைவர் தலையில் கை வைத்தான். "ஆச்சி, ஒன்றரை மணித்தியாலம் வானத்திலதான்! கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு றோட்டால ஆறு மணித்தியாலம் ஓடோணும். நேரத்துக்குப் போகாட்டி பிளேனில ஏத்த மாட்டினம்."

"அப்ப இங்க பக்கத்தில சீனன்குடாவில நிக்கிற பிளேனை வரச் சொல்லன்."

"அது எயார்ஃபோர்ஸ்காரற்ற பிளேன் ஆச்சி, எங்கட ஆக்களுக்கு வராது. உங்கட பேத்திக்குத் தாலி கட்டேக்க நீங்க பாதி வழியில கந்தளாயில நிப்பீங்க!"

அந்தச் சொல்லோடு ராகுவையும் மறந்து வானுக்குள் பாய்ந்தேன். வழியனுப்ப என்னோடு ஏறிய சனத்தை வழியில் ஒரு கோப்பை பிளேன்ரீ குடிக்கக்கூட இறங்க விடவில்லை. கடைசி ஆளாகத்தான் என்னைப் பிளேனுக்குள் எடுத்தார்கள். தாலி கட்டியதைக் கண்ணாரப் பார்த்தேன்.

இப்போது பயணம் என்றால் முதல் நாளே எயார்போட்டுக்குக் கிட்ட, நீர்கொழும்பில் தங்கச்சி வீட்டில் போய்ப் படுத்துவிடுவேன்.

திரும்பி வந்ததும், "சென்னை நல்ல தூரமோ?" என்று அயலவர்கள் கேட்டார்கள்.

"சென்னை கிட்டத்தான் பிள்ளையள்," என்றேன். "கொழும்புதான் வெளிநாடு."