மாட்டுக்கொழுப்பு தின்ற இறால்

1994, சித்திரை மாதம். காலை ஆறு பத்துக்குக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் இறங்கினேன். சீர்காழிக்குக் கிழக்கே என் இறால் குட்டை. அங்கிருந்து முந்தின நாள் மத்தியானம் கிளம்பியது. பையில் இரண்டு கிலோ தீவனம், ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் ஆறு இறால். அறுபது நாள் வளர்த்தும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஓடு கழற்றினால் புது ஓடு இறுகாமல் தினமும் கரையோரம் செத்து ஒதுங்குகிறது. பக்கத்துக் குட்டையிலும் அதே குஞ்சு, அதே தண்ணீர். தீவனம் மட்டும் வேறு. அங்கே ஒரு குறையும் இல்லை. என் தீவனம் செய்யும் ஆலை ஓசூரில். கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. நேரில் கேட்கவே போனேன்.

ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பத்து ரூபாய். பக்கத்து சீட்டில் கிருஷ்ணகிரியை ஒட்டிய காவேரிப்பட்டினத்து மாங்காய் வியாபாரி, ஒரு பாய். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னாங்க பையில, செத்த மீனா?”

“இறால் தீவனம் பாய். ஓசூர்ல செய்யறது.”

“கடல் எங்க, ஓசூர் எங்க! அவனுங்க எறாலக் கண்ணால பாத்திருப்பானுங்களா?”

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஒன்பதரை மணிக்கு ஆலை. தகரக் கொட்டகை. கோழித் தீவனமும் இறால் தீவனமும் ஒரே இயந்திரத்தில். டிரம்மில் வெள்ளையாக உறைந்திருந்தது என்னவென்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

“மாட்டுக்கொழுப்பு சார். காய்ச்சி ஊத்துவோம். கோழி இதத் தின்னு என்னமா வெயிட் போடுது தெரியுமா?”

“கோழி மாசம் ரெண்டு தரம் தோல உரிச்சிட்டுப் புதுத் தோல் போடுமாய்யா?”

நான் நீட்டிய பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். “எறாலு இவ்ளோ சின்னதா சார்?”

“உன் தீனிய தின்னா இவ்ளோதான்.”

இறாலுக்கு மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு வேண்டும். அதை அது தன் உடம்பில் தானே செய்துகொள்ள முடியாது. கிடைக்காவிட்டால் வளராது, ஓடு கழற்றும்போது சாகும். எங்கள் ஊருக்கு வந்த மீன்வளத்துறை அம்மா சொன்னது இது. தீவனம் செய்கிறவனுக்குத் தெரியவில்லை.

மீன் எண்ணெய் இல்லாமல் இல்லை. வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் ஊற்றி, மூட்டையைத் தைக்கும் முன் ஓர் ஆள் மேலாக இரண்டு அடி அடித்தார்.

“இது எதுக்குப்பா?”

“வாசத்துக்குண்ணா. உங்க பக்கத்து ஆளுங்க மூட்டையப் பிரிச்சு மோந்து பாத்துதான வாங்கறாங்க?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நானும் அப்படித்தான் வாங்கினேன். மூட்டையில் ‘கொழுப்பு’ என்று ஓர் எண் அச்சடித்திருக்கிறார்கள். எந்தக் கொழுப்பு என்று போடவில்லை. எங்கள் கரையில் ஒருத்தரும் கேட்டதுமில்லை.

பத்து மூட்டை இனாமாகத் தருகிறேன் என்றார் சூப்பர்வைசர். அதே தீவனம். “நீயே தின்னு” என்று வெளியே வந்தேன்.

இந்த ஓசூரின் வண்டித் தொழிற்சாலைகளில் ஒரு திருகாணி மயிரிழை கூடினாலும் தூக்கி எறிகிறார்கள். உயிருள்ள ஒன்றின் வயிற்றுக்குப் போவதை அளக்க ஆள் இல்லை.

பஸ் நிலையத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து குட்டையைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனன் சேகருக்குப் போன் போட்டேன்.

“தீவனத்த நிறுத்து. நாளைக் காலையில வலையப் போட்டு எல்லாத்தையும் பிடிச்சுடு.”

“பக்கத்துக் குட்டைத் தீவனத்த வாங்கிப் போட்டுப் பாப்பமா அத்தான்?”

“அடுத்த ஓடு கழட்டறதுக்குள்ள எது தேறும்? உயிரோட இருக்கறப்பவே பிடி.”

“இந்த சைஸ எந்த ஏற்றுமதிக்காரன் எடுப்பான்?”

“எவனும் எடுக்க மாட்டான். சந்தையில கூறு கட்டி வித்துடு.”

“வலை இழுக்க ஆள் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டான்.