தாளில் நின்ற லாரி

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகள் கல்லூரியில் ஓவியம் படித்தாள். யார் விசாரித்தாலும் "கம்ப்யூட்டர் படிச்சிருக்குதுங்க" என்றே சொல்லிவந்தேன். அவள் காதில் விழும்படிகூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் சங்ககிரியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர் வந்தார். ஐந்து புது வண்டிகளுக்கு ஒரே மாதிரி பாடி கட்ட வேண்டுமாம். எங்கள் தொழிலில் எல்லாமே வாய்ப்பேச்சுதான். அவர் கேபினைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். மூன்று முறை அழித்துப் போட்டும், "இது இல்லீங்க" என்று எழுந்துவிட்டார்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மகள், "கொஞ்சம் உக்காருங்க மாமா" என்றாள். டிரைவர் எங்கே படுப்பார், சன்னல் எவ்வளவு உயரம் என்று அவரைக் கேட்டுக்கேட்டு வரைந்தாள். பெண் என்ன படித்திருக்கிறது என்று இடையில் அவர் விசாரித்தபோதும், வழக்கம்போல "கம்ப்யூட்டர்" என்றே சொன்னேன். அரை மணி நேரத்தில், அவர் மனதிலிருந்த லாரி வர்ணத்தோடு தாளில் நின்றது.

"இதேதானுங்க" என்றார் அவர். "கம்ப்யூட்டர் படிப்புல இதெல்லாஞ் சொல்லித் தாராங்களா சாமி?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க, அது படிச்சது ஓவியம். நாந்தானுங்க வெக்கப்பட்டுட்டு மாத்திச் சொல்லிட்டு இருந்தேன்" என்றேன்.

ஐந்து வண்டியும் எங்களுக்கே வந்தன. இப்போது மற்ற பட்டறைக்காரர்களும் வரைந்து தரச்சொல்லி மகளைக் கூப்பிடுகிறார்கள். என் பட்டறைக்கு வரைய அவள் ஒதுக்கும் நாளுக்காக நானும் அவர்களோடு வரிசையில் காத்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.